புது ட்ரம்மும் எலுமிச்சைத் தண்ணீரும்

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வரிசையாகக் குந்தி வாந்தி எடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். மறக்கிற விஷயமா அது.

என்னோடு ஐந்தாவது படித்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறீர்கள். பாதிப் பேர் இன்னும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறீர்கள். மீதிப் பேர் பிள்ளைகளை அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டு வாசலில் நிற்கிறீர்கள். முட்டி வலி, சர்க்கரை, பிரஷர் என்று ஆளுக்கு ஒன்று வந்துவிட்டது. அது முற்றுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பதைப்பு. எனக்கு எதற்கெடுத்தாலும் பதைப்புதான். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள் நான். எழுத்தும் அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்னலூருக்கும் மண்ணூருக்கும் நடுவில் இருந்த அந்த ஓட்டுப் பள்ளிக்கூடத்துக்கு 1991இல்தான், பொங்கல் முடிந்து, புது டீச்சர் வந்தார். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அதுவரை நமக்குப் பாடம் என்றால் பெரிய வாத்தியார் சொல்வார், நாம் திருப்பிச் சொல்வோம், அவ்வளவுதான். இந்த டீச்சர் வந்த வாரமே தேங்காய்த் தொட்டி இரண்டு, துடைப்பக் குச்சி ஒன்று, சணல் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். தராசு செய்தோம். ஒரு தொட்டியில் புளியங்கொட்டையை எடைக்கல்லாக வைத்து, இன்னொரு தொட்டியில் முதலில் சுண்ணாம்புக் கட்டியும் பிறகு வண்டும் வைத்து நிறுத்தோம். வண்டு பறந்து போய்விட்டது. "இப்போ எடை என்னாச்சு?" என்று அதற்கும் ஒரு கேள்வி கேட்டார்.

வெயிலில் குச்சி நட்டு நிழலை அளந்தோம். மருந்து பாட்டிலில் ஈரத்துணி சுற்றி மொச்சைக் கொட்டை முளைக்கவிட்டோம். என் மொச்சை மட்டும் முளைக்கவே இல்லை. தினமும் நான் அதை வெளியே எடுத்து முளைத்துவிட்டதா என்று அமுக்கிப் பார்த்ததுதான் காரணம்.

எதைக் கேட்டாலும் அந்த டீச்சர் ஒன்றே ஒன்று சொல்வார்: "நான் சொன்னா நம்பாதீங்க. செஞ்சு பாருங்க."

ஊரில் இதற்கு நல்ல பெயர் இல்லை. "படிக்கத்தானே அனுப்பறோம்? கொட்டாங்குச்சி பொறுக்கறதுக்கு எங்க வூட்டு மாடு மேய்க்கலாமே" என்று ஒருத்தியின் அம்மா பள்ளிக்கூடத்து வாசலிலேயே சத்தம் போட்டாள். அந்த ஒருத்தி யார் என்று உங்களுக்குத் தெரியும். பேர் வேண்டாம்.

என் அம்மா அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. அப்பா போன பிறகு, தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்து வாங்கின வேலை. நாங்கள் காலனி, மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்கள் வேறு. அம்மா வந்த புதிதில் ஊர்ப்பிள்ளைகள் சிலர் மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். பெரிய வாத்தியார் அதட்டி உட்கார வைத்தார். பிறகு பசி எல்லோரையும் உட்கார வைத்தது. ஆனாலும் அம்மா பயந்துகொண்டேதான் இருந்தாள். அரிசியை மறுபடி மறுபடி களைவாள். பருப்பில் ஒரு கல் அகப்பட்டால் அவள் முகம் அன்று பூராவும் செத்துப்போயிருக்கும். அந்த வேலை போனால் எங்களுக்கு அடுப்பு இல்லை, அது எனக்கே அந்த வயதில் தெரியும்.

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை கல்வி ஆபீசர் வருகிறார் என்றார்கள். பெற்றோர்களும் வர வேண்டும். நாம் செய்ததையெல்லாம் மேஜையில் வைத்துக் காட்ட வேண்டும். வருகிறவர்களுக்குக் குடிக்க எலுமிச்சைத் தண்ணீர். அதையும் நாமே அளந்து கலக்க வேண்டும் என்றார் டீச்சர். லிட்டர் பாடம் அதோடு முடிந்துவிடும்.

எதில் கலக்குவது என்று ஒரு பேச்சு நடந்தது. அதைத்தான் நான் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சத்துணவு அலுமினிய அண்டாவில் சாம்பார் வாசனை. அம்மன் கோவில் பித்தளை அண்டாவை ஊர்த் தலைவர் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"பித்தளைல எலுமிச்சம்பழம் புழியக் கூடாதும்மா. களிம்பு ஏறிடும். ஈயம் பூசியும் ரொம்ப நாளாச்சு" என்றார் பெரிய வாத்தியார்.

"ஆமாங்க சார், புளிப்பு பட்டா வெஷமாயிடும்" என்றாள் அம்மா.

"அப்போ புது ட்ரம் இருக்கே சார்!" என்றார் டீச்சர். மூன்று பேருக்கும் நிம்மதி.

ரோட்டோரம் புதிதாக வந்திருந்த தகரப் பட்டறைக்காரர் பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் வைக்க என்று கொடுத்த ட்ரம் அது. அடியில் குழாய் வைத்தது. வெள்ளைத் தகரம். உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒட்டவைத்த மாதிரி மேலெல்லாம் பூப்பூவாக மின்னும். நாம் ஒவ்வொருவராகப் போய் அதில் முகம் பார்த்தோம், மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்படி ஒரு சுத்தமான சாமானை நம் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அலசி, துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நாம்தான் பழம் பிழிந்தோம். விரல் இடுக்கில் வெட்டுக்காயம் இருந்த ஒருவன் குதித்துக் குதித்துப் பிழிந்தான். எண்ணெய் டின்னால் தண்ணீர் அளந்து ஊற்றினோம். சர்க்கரையை நான் கலக்கவில்லை, தள்ளி நின்றேன். அது ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம். ஒரு சந்தி விரதம் என்று அம்மா மதியம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், இனிப்பு அறவே கிடையாது. அவளைப் பார்த்து நானும் ஈஸ்டர் வரை சர்க்கரை தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

"ஏய், ஏசப்பா வந்து நாக்க நீட்டுன்னு சொல்லி நக்கிப் பாப்பாரா?" என்று குதித்துப் பிழிந்தவன் கேட்டான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நன்றாக ஊறட்டும், காலையில் சில்லென்று இருக்கும் என்று மூடி போட்டுவிட்டுப் போனோம்.

மறுநாள் காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆபீசர் நம் தராசில் தன் பேனாவை நிறுத்துப் பார்த்தார். "பலே" என்றார். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆபீசர் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். தலைவர் குடித்தார், மடியிலிருந்த பேரனுக்கும் புகட்டினார். "கொஞ்சம் கசக்குதே" என்று யாரோ சொன்னதற்கு, "கொட்டையோட புழிஞ்சிருப்பானுங்க" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

முதலில் எழுந்து ஓடியது டீச்சர். பிறகு இரண்டு பிள்ளைகள். பிறகு யார் முதல், யார் பின்னே என்றே தெரியவில்லை. வேப்பமரத்தடி, வேலியோரம், தண்ணீர்த் தொட்டி, எங்கே பார்த்தாலும் குனிந்த முதுகுகள். ஆபீசர் ஜீப்பின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். மேஜையில் வைத்த முளைப்பயிர் பாட்டில்கள் உருண்டு மிதிபட்டன. எலுமிச்சை நாற்றம் என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

ஜீப்பிலும் செங்கல் லாரியிலும் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் திரும்பிவிட்டீர்கள். தலைவரின் பேரன் மட்டும் மறுநாள் வரை கிடந்தான். அவனும் பிழைத்தான். ஆனால் பிழைப்பானா என்று தெரியாத நேரத்தில்தான் எல்லாப் பேச்சும் நடந்தது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. வந்த பிறகு கேள்விப்பட்டது வேறு. அதனால் சொல்கிறேன்.

பேரனை அவன் அம்மாவோடு லாரியில் ஏற்றிவிட்டு, தலைவர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே சத்துணவுக் கொட்டகைக்கு வந்தார். அவர் பின்னால் ஊர்.

"யாரு கலக்கினது?"

"பசங்கதான் கலக்கினாங்க" என்றார் பெரிய வாத்தியார். அவரும் வெளுத்துப்போயிருந்தார்.

"பசங்களுக்கு இன்னாய்யா தெரியும்? ட்ரம்மு யாரு கழுவினது?"

டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் ஈரம். "ஆயாம்மாதான் கழுவினாங்க சார்" என்றார், கேட்ட கேள்விக்குப் பாடம் ஒப்பிப்பது மாதிரி.

தலைவர் அம்மா பக்கம் திரும்பினார். "நீ குடிச்சியா?"

"இல்லீங்க."

"ஏன் குடிக்கல?"

"தபசுங்க. ஒரு சந்தி."

"இன்னா சந்தி? உம் பொண்ணு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"ஆத்தாளும் குடிக்கல, பொண்ணும் குடிக்கல" என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவில்தான் பயம். பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது: "அவ்ளோ பேருல அதுங்க ரெண்டுக்கு மட்டும் இன்னா விரதம்டி? எங்க புள்ளைங்களக் கொல்லறதுக்கு விரதமா?"

அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். நேராக ட்ரம்மிடம் போனாள். குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு டம்ளர் பிடித்து அதையும் குடித்தாள். "பாத்துக்கோங்க. நானும் குடிச்சிட்டேன். இதுல ஒண்ணும் இல்ல" என்றாள். நானும் டம்ளரை எடுக்கப் போனேன். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்துபோனது.

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. யாரும் போகவில்லை. ஒருவர் வேலியில் சாய்ந்துகொண்டார். ஒருவர் பீடி பற்ற வைத்தார். அம்மா அடுப்புக் கல்லின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. அவள் எச்சில் விழுங்குவதை எண்ணுகிற மாதிரி ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மாதாவிடம் கேட்டேன். வாந்தி வரக்கூடாது, வரக்கூடாது என்றுதான் கேட்டேன். அப்படிக் கேட்டது சரியா என்றும் அந்த நேரத்திலேயே கவலைப்பட்டேன். வராவிட்டால், தெரிந்து மாற்று மருந்து எதையாவது தின்றுவிட்டாள் என்று சொல்வார்களே.

வந்துவிட்டது. அடுப்புச் சாம்பலிலேயே எடுத்தாள்.

"தோ பாரு" என்றது அதே பொம்பளைக் குரல். "போட்டவளுக்கே ஒத்துக்கல."

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து மருந்து பாட்டில் ஒன்றில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனார். சோதித்துச் சொல்வார்கள் என்றார். அம்மா அதையே நம்பிக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் போனது, பரீட்சை போனது. மே மாதம் வந்தது. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரோடெல்லாம் போலீஸ். வீடு வீடாகக் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலை யார் தேடப்போகிறார்கள்.

வேலை அதற்கு முன்பே போய்விட்டது. அடுத்த வாரமே வேறு ஆயா. பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "இந்த ட்ரம்ம இங்க வெச்சா ஒருத்தரும் தண்ணி குடிக்க மாட்டாங்க. நீ எடுத்துக்கோம்மா, வூட்டுக்கு ஆவும்" என்றார். உபகாரமாகத்தான் செய்தார். அம்மா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊர் நடுவில் நடந்து வந்தாள். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் பரீட்சை வரை இருந்தார். கையால் செய்கிற பாடம் எதுவும் இல்லை. அவரும் சொல்வார், நாம் திருப்பிச் சொல்வோம். கடைசி நாள் தராசுகளையெல்லாம் குப்பைக் குழியில் போட்டுக் கொளுத்தினார்கள். தேங்காய்த் தொட்டி நன்றாக எரிந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், பஸ் வந்துவிட்டது. நெடுநாள் அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. இப்போது என் மகளுக்கு அன்றைய டீச்சரைவிட வயது கூட. இரண்டு வாந்திக்கு நடுவில் அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று யோசிக்கிறேன்.

ஆறாவதுக்கு நீங்கள் ஸ்ரீபெரும்புதூர் போனீர்கள். நான் அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனேன்.

அந்த ட்ரம்மில்தான் எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகக் குடிதண்ணீர். உள்பக்கம் மங்கியிருந்ததைச் சாம்பல் போட்டுத் தேய்த்ததால் என்று நினைத்தோம். ஒரு நாள்கூட ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அம்மாவைத் தின்றது. "ட்ரம்மு நல்லாத்தான கீது" என்பாள். "பழம் நல்லாத்தான் இருந்திச்சி. சக்கர கடைல வாங்கினது. அப்போ?" அப்போ என்று நிறுத்திவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தொடச்ச துணி யாருது? எங்கேர்ந்து எடுத்தேன்?" என்பாள். வயலில் பூச்சிமருந்து அடிப்பவன் யாராவது கொட்டகையில் போட்டுவிட்டுப் போன துணியோ என்று அவளுக்குச் சந்தேகம். ஊர் சொன்னதை ஊர் மறந்துவிட்டது. அவள் அதை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். டம்ளரைக் கழுவுவாள், மோந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள். பேரப்பிள்ளைகளுக்குத் தன் கையால் ஒரு வாய் சோறு ஊட்டினதில்லை. "நீயே குடும்மா" என்று கிண்ணத்தை என்னிடம் தள்ளுவாள். என் பதைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களே, அங்கிருந்துதான்.

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் இப்போது எனக்கு வேலை. போன கோடையில், லைனில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஜூஸ் கொண்டுபோகச் சொன்னார்கள். ஸ்டீல் கேன் எல்லாம் வேலையில் இருந்தது. மூலையில் ஒரு புது வெள்ளைத் தகர வாளி. எலுமிச்சை பிழிந்து வைத்திருந்த சட்டியைத் தூக்கி அதில் ஊற்றப் போனேன். சேஃப்டி பார்க்கிற பையன், திருநெல்வேலிப் பக்கம், ஓடி வந்து வாளியைப் பிடுங்கினான்.

"ஏக்கா, இதுல புளிப்பு ஊத்தப்பிடாது. துத்தநாகம் பூசின வாளி. ஊறிச்சுன்னா அது கரைஞ்சு ஜூஸ்ல எறங்கிரும். குடிச்ச அத்தன பேரும் அரைமணி நேரத்துல வாந்தி எடுத்துருவாவ."

சட்டியைக் கீழே வைத்தேன். "வெறும் தண்ணி ஊத்தினா?"

"தண்ணிக்கு ஒண்ணும் செய்யாது. தாராளமாக் குடிக்கலாம்."

"ஜூஸ் குடிக்காதவங்களுக்கு?"

அவன் சிரித்தான். "குடிக்காதவங்களுக்கு என்னக்கா ஆவும்? ஒண்ணும் ஆவாது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மயக்கம் என்று நினைத்து அவன் விசிறிவிட்டான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் காது மந்தம். இரண்டு தடவை கத்திச் சொன்னேன். கேட்டுவிட்டு, "போடி, எனக்குத் தைரியத்துக்குச் சொல்ற" என்றாள். அவ்வளவு வருஷத்துச் சந்தேகம் ஒரு பையன் சொன்ன பேச்சில் போய்விடுமா?

அப்போதுதான் டீச்சர் ஞாபகம் வந்தது. சொன்னா நம்பாதீங்க.

பழைய ட்ரம் எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. கடையில் ஒரு புது வெள்ளைத் தகர வாளி வாங்கினேன். அம்மாவையே பழம் பிழியச் சொன்னேன். அவள் கையை மூன்று முறை கழுவிவிட்டு வந்து பிழிந்தாள். தண்ணீர் ஊற்றி, சர்க்கரை போட்டு, மூடி வைத்தோம். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சட்டியிலும் அதே அளவு.

காலையில் இரண்டையும் திறந்தோம். சட்டி போட்ட மாதிரியே இருந்தது. வாளியில் எலுமிச்சைத் தண்ணீர் நின்ற மட்டம் வரை பூவெல்லாம் அழிந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மினுமினுப்பு, கீழே செத்துப்போன தகரம். அம்மா அந்தக் கோட்டை விரலால் சுற்றித் தடவினாள். பிறகு, நான் தடுக்கும் முன்னே, அதே விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

கண்ணை மூடினாள். நான் பயந்துபோனேன்.

"இதான்" என்றாள். "இதே ருசிதான். காசக் கடிச்ச மாரி. நாக்கு மரத்துப் போவுது பாரு. அன்னிக்கும் இப்படித்தான் இருந்திச்சி."

விரலை முந்தானையில் துடைத்தாள். "அப்போ நான் நல்லாத்தான் கழுவியிருந்தேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"யாருகிட்டடி போயி சொல்றது இப்போ?"

தலைவர் இல்லை. பெரிய வாத்தியார் இல்லை. அந்தப் பொம்பளைக் குரலும் போய்ச் சேர்ந்துவிட்டது. டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கம்பெனிச் சுவர். அம்மா வாளியை எடுத்து வாசலில் ஊற்றினாள். டம்ளரை எடுத்துக் கழுவினாள், மோந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள்.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன். அம்மா இன்னும் இருக்கிறாள், காது மந்தம், ஆனால் ஆள் வந்தால் அடையாளம் தெரியும். உங்களில் யாராவது ஒருவர் வந்து அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனால் போதும்.

நான் சொன்னதை நம்ப வேண்டாம். ஒரு புது வெள்ளைத் தகர வாளியில் எலுமிச்சைத் தண்ணீரை ராத்திரி பூராவும் ஊறவையுங்கள். காலையில் விரலைத் தோய்த்து நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள். குடித்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அதற்கும் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு சொட்டு போதும். அன்றைக்குக் குடித்தவர்கள்தானே நீங்கள், உங்கள் நாக்குக்குத் தெரியும்.